இடுப்பளவு அலை

இது நிஜமாக நடந்தது. என் குடும்பத்தில் நடந்தது. நம்புகிறவர்கள் நம்புங்கள், நம்பாதவர்களோடு நான் மல்லுக்கு நிற்கப் போவதில்லை. 'பனியில கண்ணு ஏமாத்தியிருக்கும்' என்று சொல்ல ஏற்கெனவே நாலு மேதாவிகள் இருக்கிறார்கள். ஐந்தாவது ஆள் வேண்டாம்.

பார்த்தது நான் இல்லை, என் கணவர். அவரைக் கேட்டால் எழுந்து வெளியே போய்விடுவார். என்னிடமே ஒரே ஒரு தடவைதான் சொன்னார், அதுவும் சுவரைப் பார்த்துக்கொண்டு. அதனால் அவர் சொன்னதை அப்படியே நான் சொல்கிறேன். பழக்கதோஷம், எனக்கு 'இவர்' என்றுதான் வாயில் வரும். இவர் என்றால் என் கணவர் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்போது நாங்கள் இருந்தது ஒரு சின்னத் தீவு. ஒரு பக்கம் படகுத்துறை, மறுபக்கம் அலை. அந்த அலைக்காகத்தான் வெளியாட்கள் வருவார்கள். போர்டில் நின்று அலை ஏறுகிறவர்கள், துடுப்புப் போடுகிறவர்கள், பெரிய பட்டத்தைப் பிடித்துக்கொண்டு தண்ணீர்மேல் ஓடுகிறவர்கள். அத்தனை பேருக்கும் விடிந்ததும் முதல் வேலை போனைக் காதில் வைப்பதுதான். அதில் இவர் குரல் வரும். இன்றைக்கு அலை எவ்வளவு, காற்று எந்தப் பக்கம், எங்கே இறங்கலாம், எங்கே இறங்கவே கூடாது. இருபது வருடமாக இதுதான் இவர் வேலை. வீட்டில் வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும், ஊருக்கு மட்டும் தினமும் காலையில் பேசுவார்.

அலையை அங்கே அடிக்கணக்கில் யாரும் சொல்வதில்லை. ஆள் கணக்குதான். முழங்காலளவு, இடுப்பளவு, நெஞ்சளவு, தலைக்கு மேல். அதற்குத் தண்ணீரில் ஓர் ஆள் வேண்டும். இவர் உட்காரும் கண்ணாடிக் கூண்டு மேட்டின் உச்சியில் இருந்தது. அங்கிருந்து வெறும் கடலைப் பார்த்தால் பெரிய அலையும் சுருக்கம் மாதிரிதான் தெரியும். பக்கத்தில் ஓர் ஆள் நின்றால்தான் அளவு பிடிபடும். அந்த ஆள், பலகையண்ணன்.

ஊரில் பாதிப் பேர் ஏறும் போர்டு அவர் கையால் இழைத்தது. அதனால்தான் அந்தப் பெயர். எனக்குக் கூடப் பிறக்காத அண்ணன், இவருக்கு மச்சான், எங்கள் மகள் குட்டிக்கு மாமா. தினமும் விடியும்போது முதல் ஆளாக வெளிமுனைக்குப் போவார். பெரிய அலைகள் எழும் இடம் அது. அங்கே போர்டின்மேல் எழுந்து நின்று வலது கையை நேராக மேலே தூக்குவார். இவர் கூண்டிலிருந்து ஒரு வெள்ளைத் துணியை வீசுவார். பார்த்துவிட்டேன் என்று அர்த்தம். உடனே கை இறங்கும். பிறகு அலை ஏறிக் கரைக்கு வந்து, மேட்டில் ஏறி, இவரோடு டீ குடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்.

இதில் ஒரு விஷயம் இருக்கிறது. கடலில் ஒற்றைக் கையை மேலே தூக்கினால் 'ஆபத்து, வாங்க' என்றுதான் அர்த்தம். கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்குக் குட்டி முதல் நாளே சொல்லிக்கொடுப்பது அதைத்தான். இந்த இரண்டு பேருக்கு மட்டும் அது காலை வணக்கம். "இதென்ன கூத்து? ஒரு நாள் நிஜமாவே ஆபத்துன்னு கையைத் தூக்கினா என்ன பண்ணுவீங்க?" என்று நான் கத்தியிருக்கிறேன்.

"மச்சானுக்கா ஆபத்து? கடலுக்குத்தான் ஆபத்து" என்பார் இவர். இரண்டு பேரும் சேர்ந்து சிரிப்பார்கள்.

குட்டி சின்னப் பிள்ளையாக இருந்தபோது அண்ணன் அவளைத் தோளில் உட்கார வைத்துக் கடலுக்குள் நடப்பார். அவள் கணுக்கால் இரண்டையும் இரண்டு கையால் பிடித்துக்கொள்வார். தண்ணீர் அவருக்கு இடுப்பு வரை வந்ததும் இவள் வீறிடுவாள். "மாமா, போதும், இறக்கி விடுங்க!" அவர் கேட்காத மாதிரி இன்னும் நாலு எட்டு வைப்பார். நான் கரையிலிருந்து கத்துவேன். அப்படி வளர்ந்த பெண், பின்னால் அதே கடலில் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற வேலைக்கே போய்விட்டாள். அப்பா இடுப்பளவு என்று சொன்னால் தன் ஆட்களை வெளிமுனைக்குக் கூட்டிப்போவாள். அதற்கு மேல் என்றால் உள்குடாவோடு நிறுத்திக்கொள்வாள். அப்பா சொல்லுக்கு மேல் அவளுக்கு வேறு சொல் கிடையாது.

அண்ணனுக்கு மூட்டு தேய்ந்துபோய், ஆபரேஷனுக்காக அக்கரைக்குப் போய் மூன்று மாதம் ஆகியிருந்தது. அண்ணியும் கூடவே போய்விட்டார். அளவுக்கு ஆள் இல்லாமல் இவர் திண்டாடினார். வெளிமுனையில் சங்கிலி போட்டுக் கட்டிய ஆரஞ்சு மிதவை ஒன்று உண்டு. ஓர் ஆள் உயரம், அதற்கு மேல் ஒரு முழம். அதைப் பார்த்து மனக்கணக்குப் போட்டுத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். "மிதவையும் ஒரு அளவா? அதுக்கு இடுப்பு எங்க, நெஞ்சு எங்க?" என்று தினமும் என்னிடம் புலம்பல் வேறு.

அன்று காலைக்கு வருகிறேன்.

முந்தின இரண்டு நாளும் பேய்க்காற்று. படகுகூட ஓடவில்லை. மூன்றாம் நாள் விடியும்போது காற்று சட்டென்று அடங்கிவிட்டது. பனி கெட்டியாக இறங்கியிருந்தது. ஐந்தே முக்காலுக்கு இவர் கூண்டைத் திறந்தார். கூரைமேல் இருக்கும் காற்றுமானி அசையவே இல்லை. கடல் சத்தம் எங்கோ தூரத்தில்... உஸ்ஸ்... உஸ்ஸ்...

பைனாகுலரை எடுத்துப் பார்த்தார். பனிக்குள்ளே, வெளிமுனையில், ஓர் ஆள். வலது கை மேலே.

"அட, மச்சான்!" என்று தனியாக நின்றே சத்தம் போட்டாராம். முகம் தெரியவில்லை. ஆனால் அந்த அகலத் தோளும் ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்த தலையும் ஊரில் வேறு யாருக்கும் கிடையாது. மூட்டு சரியாகி, சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கிவிட்டார் என்று நினைத்தார். மனுஷனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. துணியை எடுத்து வீசினார்.

கை இறங்கவில்லை.

பனியில் தெரியவில்லை போலிருக்கிறது என்று மறுபடி வீசினார். இறங்கவில்லை. சரி, மூன்று மாதம் கழித்து வந்த ஆள், கொஞ்சம் ஆட்டம் காட்டுகிறார் என்று விட்டுவிட்டார்.

ஓர் அலை வந்தது. அவர் இடுப்பைத் தொட்டுக் கடந்து போனது. அடுத்ததும் இடுப்பு. அதற்கு அடுத்ததும் இடுப்பு. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கடலில் அப்படி அச்சடித்த மாதிரி அலை வராது. இவர் அதைக் கவனித்தார். கவனித்தும் சந்தோஷத்தில் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

போனை எடுத்துப் பேசினார். "எல்லாருக்கும் வணக்கம். நம்ம பலகையண்ணன் வந்துட்டாரு. வெளிமுனையிலதான் நிக்கிறாரு. அலை இடுப்பளவு. காத்து சுத்தமா இல்ல. தாராளமா இறங்கலாம்."

நான் அடுப்படியில் இருந்தேன். குட்டி போனைக் காதில் வைத்தவள் அப்படியே குதித்தாள். "அம்மா! மாமா வந்துட்டாரு!"

"பல்லை விளக்கிட்டுக் குதிடி."

அவளிடம் அப்போது மூன்று பேர் கற்றுக்கொண்டிருந்தார்கள். புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி, அப்புறம் ஒரு பல் டாக்டர். டாக்டர் நல்ல மனுஷன். முந்தின நாள் சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வந்தவர், என் கன்னம் வீங்கியிருப்பதைப் பார்த்துவிட்டு, "அலை முடிச்சிட்டு வந்து உங்க கடைவாய்ப் பல்லைப் பாக்கறேன்மா, காசு வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். குட்டி ஏழு மணிக்கு மூன்று பேரையும் கூட்டிக்கொண்டு வெளிமுனைக்குக் கிளம்பினாள்.

'வந்ததைக்கூடச் சொல்லலையே' என்று சண்டை போட நான் அண்ணிக்கு போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. மூட்டை முடிச்சைப் பிரித்துக்கொண்டிருப்பார் என்று விட்டுவிட்டேன்.

கூண்டில் இவர் இரண்டு டம்ளரில் டீ ஊற்றி வைத்துக் காத்திருந்தார். ஆறரை. ஏழு. டீயில் ஆடை படிந்துவிட்டது. படியில் காலடிச் சத்தம் இல்லை. மறுபடி பைனாகுலரை எடுத்தார்.

அதே இடம். அதே ஆள். கை இன்னும் மேலேயே இருந்தது.

ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. எந்த மனுஷன் அவ்வளவு நேரம் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பான்? அதுவும் வெளிமுனையில் நீரோட்டம் இழுக்கும். துடுப்புப் போடாமல் அங்கே ஒரு நிமிடம்கூட ஒரே இடத்தில் இருக்க முடியாது. இவர் இன்னும் கூர்ந்து பார்த்தார். அலை வந்தபோது ஆள் மேலே போகவில்லை, கீழே இறங்கவில்லை. கால் பக்கம் பார்த்தார்.

போர்டு எங்கே?

இவர் பார்த்துக்கொண்டே நின்றார். கண்ணை எடுக்க முடியவில்லை என்றார்.

நான் வீட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். எனக்கு அப்போதுதான் உறைத்தது. கை ஈரத்தோடு போனை எடுத்து இவருக்குப் போட்டேன்.

"ஏங்க."

"ம்."

"அண்ணன் எப்படி வந்தாரு?"

"படகுலதான்."

"எந்தப் படகு? ரெண்டு நாளா படகே ஓடலையே..."

இவர் போனைக் காதில் வைத்தபடியே மறுபடி பைனாகுலரை எடுத்தார்.

அந்த நேரத்தில்தான் பனி விலகத் தொடங்கியிருக்கிறது. முதலில் ஆரஞ்சு நிறம் தெரிந்தது. மிதவை. அந்த ஆளுக்குப் பக்கத்திலேயே, கை எட்டும் தூரத்தில் இருந்தது.

ஆள் உயரத்துக்கு மேல் ஒரு முழம் உள்ள மிதவை...

அவர் இடுப்புக்குத்தான் வந்தது.

"ஏங்க, லைன்ல இருக்கீங்களா?"

"இடுப்பளவு இல்ல..."

"என்ன?"

"அலை இடுப்பளவு இல்ல! குட்டி எங்க?"

"வெளிமுனைக்குப் போயிட்டா. நீங்கதானே சொன்னீங்க?"

சைரன் அலறியது. ஊஊஊ... போனிலும் கேட்டது, ஜன்னல் வழியாகவும் கேட்டது. இன்றைக்கும் எனக்கு அந்தச் சத்தம் இரண்டு காதிலும் தனித்தனியாகத்தான் கேட்கும். நான் போட்டது போட்டபடி கரைக்கு ஓடினேன்.

இவர் சிவப்புக் கொடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். நாலு போர்டு. அந்த ஜோடி பின்னால் இருந்தது, சைரனைக் கேட்டுத் திரும்பிவிட்டது. குட்டியும் டாக்டரும் முன்னால் இருந்தார்கள். மிதவையை நெருங்கிவிட்டார்கள்.

கடல் எழுந்தது.

முதல் அலை மிதவையை மூடியது. இரண்டாவது அதைவிடப் பெரியது.

மூன்றாவது போன பிறகு இரண்டு பேரையும் காணவில்லை.

அந்த ஆள் மட்டும் நின்றார். கை மேலே.

அப்போதுதான் இவருக்குப் புரிந்தது. அது வணக்கம் இல்லை. விடிந்ததிலிருந்து அது வணக்கமே இல்லை.

வெள்ளைத் துணியைப் பிடுங்கிக்கொண்டு மேட்டின் விளிம்புக்கு ஓடினார். வீசினார். தொண்டை கிழியக் கத்தினார். "பாத்துட்டேன் மச்சான்! பாத்துட்டேன்! பாத்துட்டேன்!"

கை இறங்கியது...

மெதுவாக...

ஆள் இல்லை.

அப்போது மணி எட்டு பத்து. சைரன் கேட்டுப் போன காவல் படகு அதற்குள் மிதவையை அடைந்திருந்தது. வாக்கிடாக்கியில் சொன்னார்கள். "பொண்ணு இருக்கா. மூச்சு இருக்கு." போர்டு இல்லை, பிடிக்க ஒன்றும் இல்லை, ஆனால் தலை தண்ணீருக்கு மேலே இருந்ததாம். டாக்டர் கிடைக்கவில்லை. இரண்டு நாள் கழித்துத் தீவின் மறுபக்கத்தில் ஒதுங்கினார். என் பல் இன்னும் வலிக்கிறது. நான் யாரிடமும் காட்டவில்லை. காட்ட மனசு வரவில்லை.

ஆஸ்பத்திரியில் குட்டி கண் திறந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மாமா தோள்ல உக்காந்திருந்தேம்மா."

"பேசாம படு."

"அவர் நின்னுட்டு இருந்தாரும்மா. இடுப்பளவு தண்ணிதான்..."

அந்த மிதவையைக் கடலடியில் கட்டிய சங்கிலி அறுபது அடி.

அவளுடைய இடது கணுக்காலைச் சுற்றிக் கருநீலமாக ஒரு தடம். போர்டில் கட்டும் கால்கயிறு இறுக்கியிருக்கும் என்றார் அங்கிருந்த டாக்டர். நானும் தலையாட்டினேன். குட்டி கால்கயிறு கட்டுவது எப்போதும் வலது காலில். வலது காலில் ஒரு கீறல்கூட இல்லை.

மறுநாள் அண்ணியிடமிருந்து போன் வந்தது. அழுது அழுது குரலே இல்லை. ஆபரேஷனுக்கு அப்புறம் காய்ச்சல் விடவே இல்லையாம், திரும்ப ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்களாம். எங்களைப் பயமுறுத்த வேண்டாம் என்று சொல்லவில்லையாம். முந்தின நாள் விடிகாலையில் அண்ணன் போய்விட்டார்.

"எத்தனை மணிக்கு அண்ணி?"

"அஞ்சே முக்கால்."

அண்ணி அதோடு நிறுத்தவில்லை. "உசுரு போகும்போது வலது கையைத் தூக்கினாரும்மா. அப்படியே நின்னுபோச்சு. நானும் நர்ஸும் கீழ வெச்சா மறுபடி எழும்புது. அமுக்கிப் பிடிச்சோம், அப்பவும் எழும்புது. ரெண்டு மணி நேரத்துக்கு மேல... அப்புறம் தானாவே இறங்கிடுச்சு. நர்ஸ்கூட பயந்துபோய் மணியைப் பாத்தா. எட்டு பத்து."

மச்சான் நம் பிள்ளையைக் காப்பாற்ற வந்தார் என்கிறார் இவர். அதற்கு மேல் பேச மாட்டார். அன்றோடு அலை சொல்வதையும் விட்டுவிட்டார். எனக்கு அப்படி மனசைத் தேற்றிக்கொள்ள முடியவில்லை. அவர் அங்கே வந்து நிற்காவிட்டால் இவர் இடுப்பளவு என்று சொல்லியிருக்கவே மாட்டார். என் பெண்ணும் வெளிமுனைக்குப் போயிருக்க மாட்டாள், அந்த டாக்டரும் உயிரோடு இருந்திருப்பார். கூடப் பிறக்காத அண்ணனாக இருந்தாலும் கேட்கிறேன், ஏன் வந்தீங்க? யாருக்காக வந்தீங்க?

தீவை விட்டுவிட்டோம். இப்போது நாங்கள் இருப்பது கடலே கண்ணில் படாத ஊர். கடலுக்கு ஆறு மணி நேரம் பஸ்ஸில் போக வேண்டும். மூன்றாவது மாடி. குட்டி என் பக்கத்தில்தான் படுக்கிறாள். வந்த முதல் வாரம் ஒன்றும் இல்லை.

இரண்டாவது வாரம் ஒரு விடிகாலை, அவள் தூக்கத்தில் ஏதோ முனகுவது கேட்டு விழித்தேன். காலைத் தொட்டுப் பார்த்தேன். ஜில்லென்று ஈரம். விளக்கைப் போட்டேன். இடது கணுக்காலில் இருந்த தடம் ஆறிப்போயிருந்தது. இப்போது மறுபடி கருநீலம். வலது கணுக்காலிலும் அதேபோல் ஒன்று.

அன்றைக்கு அண்ணனின் ஒரு கை மேலே இருந்தது, பிடிக்க மற்றது மட்டும்தான். இப்போது இரண்டு கையும் சும்மா இருக்கிறது.

விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன்.

உப்பு.

அதன் பிறகு தினமும் வருகிறது. ஐந்தே முக்காலுக்கு முனகல் தொடங்கும். கண் மூடித்தான் இருக்கும். குரல் மட்டும் ஆறு வயதுப் பிள்ளையின் குரல். "மாமா, போதும்... இறக்கி விடுங்க..." உலுக்கி எழுப்பினால் ஒன்றும் ஞாபகம் இல்லை என்கிறாள். இவரிடம் சொன்னேன். இவர் அந்த வெள்ளைத் துணியைத் தேடி எடுத்தார். விடியும்போது மொட்டை மாடியில் நின்று வீசுகிறார். எந்தப் பக்கம் பார்த்து வீசுவது என்று இவருக்கும் தெரியவில்லை.

போன மாதம் அவள் பாதம் மட்டும் நனைந்திருந்தது. போன வாரம் முழங்காலளவு.

இன்று காலை இடுப்பளவு.